142 அடியும் ஒரு கடமானும்: தேக்கடியை எப்படிப் பார்க்கிறோம்?

தேக்கடியைப் பற்றித் தமிழில் எழுதப்படுவதை இரண்டு பெட்டியில் போட்டுவிடலாம். ஒன்று பயணக் கட்டுரை. குமுளியில் பஸ்ஸை விட்டு இறங்கியது, படகு டிக்கெட்டுக்கு க்யூவில் நின்றது, யானைக் கூட்டத்தைப் பார்த்தது அல்லது பார்க்காமல் ஏமாந்தது, திரும்பும்போது ஏலக்காய் வாங்கியது. இன்னொன்று முல்லைப் பெரியாறு கட்டுரை. பென்னிகுயிக், 999 வருஷக் குத்தகை, 136 அடி, 142 அடி, 152 அடி, உச்ச நீதிமன்றம். முதல் வகையில் அணை வராது. இரண்டாம் வகையில் விலங்கு வராது.

இரண்டும் ஒரே தண்ணீரைப் பற்றியவை. தேக்கடியில் படகு ஓடுகிற ஏரிதான் முல்லைப் பெரியாறு அணையின் நீர்த்தேக்கம். இதைச் சொன்னால் "அப்படியா?" என்று கேட்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. படகுத்துறையில் நின்றால் அணை தெரியாது. சுற்றுலாப் படகும் அணை வரைக்கும் போகாது. தமிழ்நாட்டுக்குத் தண்ணீர் வெளியேறும் தலைமதகு மட்டும் தேக்கடிப் பக்கம் இருக்கிறது. அங்கிருந்து மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகத் தண்ணீர் லோயர் கேம்ப் பக்கம் இறங்குகிறது.

இந்த இரண்டு பெட்டிப் பழக்கம் வெறும் எழுத்து வழக்கமாக இருந்தால் விட்டுவிடலாம். ஆனால் நீதிமன்றத்தில் விலங்குகளைப் பற்றி என்ன பேசப்பட்டது, 45 பேர் செத்துப்போன ஒரு படகு விபத்தை நாம் எப்படிப் புரிந்துகொண்டோம் என்று பார்த்தால், இரண்டிலுமே அதே கோளாறு தெரிகிறது. தண்ணீரைப் பார்க்கிறவர் கரையைப் பார்ப்பதில்லை. கரையைப் பார்க்கிறவர் தண்ணீரைப் பார்ப்பதில்லை.

கோடு எங்கே ஓடுகிறது

1886 அக்டோபர் 29-இல் திருவிதாங்கூர் மன்னருக்கும் இந்தியாவுக்கான பிரிட்டிஷ் அமைச்சருக்கும் இடையே போடப்பட்ட குத்தகையைப் பற்றி எல்லாரும் பேசுகிறோம். 999 வருஷம், 8,000 ஏக்கர், ஏக்கருக்கு வருஷம் 5 ரூபாய். இந்த எண்கள் பலருக்கும் மனப்பாடம். ஆனால் அந்த 8,000 ஏக்கரின் எல்லை எப்படிக் குறிக்கப்பட்டது என்பதுதான் எனக்கு அதைவிட சுவாரசியமாகப் படுகிறது. அது வேலியும் இல்லை, எல்லைக்கல்லும் இல்லை. 155 அடி உயரக் கோட்டுக்குக் கீழே உள்ள நிலம். அதாவது தண்ணீர் 155 அடிக்கு ஏறினால் கரையில் எங்கெங்கே போய்த் தொடுமோ, அந்த நெளிவுசுழிவான கோடுதான் எல்லை.

அணை 1895-இல் திறக்கப்பட்டது. தேக்கக்கூடிய உயர்ந்த மட்டம் 152 அடி. ஆக, குத்தகைக் கோடு அதற்கு மூன்று அடி மேலே. 1979-இல் அணையின் பாதுகாப்பு பற்றி அச்சம் கிளம்பி மட்டம் 136 அடிக்குக் குறைக்கப்பட்டது. 2006-இல் உச்ச நீதிமன்றம் 142 வரை அனுமதித்தது. கேரளம் சட்டம் போட்டுத் தடுத்தது. 2014 மே மாதம் அரசியல் சாசன அமர்வு அந்தச் சட்டத்தைச் செல்லாது என்று சொல்லி 142-ஐ உறுதி செய்தது. அந்த வருஷம் நவம்பரில் தண்ணீர் 142-ஐத் தொட்டது.

நடுவில் 35 வருஷம். அந்த 35 வருஷமும் 136-க்கும் 155-க்கும் இடைப்பட்ட பட்டை காகிதத்தில் தமிழ்நாட்டின் குத்தகை நிலம். தரையில் புல்லும் புதரும் மரமும் வளர்ந்த, கேரள வனத்துறையின் புலிகள் காப்பகம். கடமான் நின்று மேய்கிற மண்ணுக்கு ஒரு மாநிலம் வாடகை கொடுக்கிறது. கடமானுக்குப் பொறுப்பு இன்னொரு மாநிலம். 1970-இல் போட்ட துணை ஒப்பந்தத்தில் வாடகையை ஏக்கருக்கு 30 ரூபாய் ஆக்கி, மின்சாரம் எடுக்கும் உரிமையையும் உறுதிப்படுத்திக்கொண்டு, மீன்பிடி உரிமையைத் தமிழ்நாடு விட்டுக்கொடுத்துவிட்டது. அதற்கப்புறம் தண்ணீர் மட்டும்தான் நமக்கு. அதில் நீந்துவதும் அதன் கரையில் மேய்வதும் அதன்மேல் மிதப்பதும் அவர்களுக்கு.

இந்தக் கோட்டுக்காக இரண்டு மாநிலமும் சண்டை போடவே இல்லையா என்றால், போட்டிருக்கிறார்கள். ஆனவாச்சாலில் சுற்றுலா வண்டிகளுக்காகக் கேரளம் அமைத்த பெரிய பார்க்கிங் குத்தகை நிலத்துக்குள் வருகிறதா இல்லையா என்பது உச்ச நீதிமன்றம் வரை போய், இந்திய நில அளவைத் துறையை வைத்து அளக்கச் சொல்லும் அளவுக்கு வந்தது. கார் நிற்கும் இடத்துக்குக் காட்டிய அக்கறையில் பாதியை மான் நிற்கும் இடத்துக்குக் காட்டியிருக்கலாம் என்று தோன்றாமல் இல்லை.

படகிலிருந்து என்ன தெரிகிறது

பயணக் கட்டுரைகளில் ஒரு வாக்கியம் தவறாமல் வரும்: அதிர்ஷ்டம் இருந்தால் விலங்கு பார்க்கலாம். நான் மறுப்பது இதைத்தான். அதிர்ஷ்டம் உண்டு. ஆனால் அதற்குக் கீழே ஒரு கணக்கும் உண்டு.

ஜூனில் தென்மேற்குப் பருவமழை, பிறகு வடகிழக்குப் பருவமழை. ஏரி பெரும்பாலும் வருஷக் கடைசியில் நிறைந்து நிற்கும். அதற்கப்புறம் மழை குறைந்துவிடும், தண்ணீர் எடுப்பது தொடரும். கோடை முடியும்வரை மட்டம் இறங்கிக்கொண்டே போகும். ஜூன் வந்தால் கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்துக்கு முதல் போகத் தண்ணீர் திறக்க வேண்டும். சுரங்கத்தின் வாய் இருக்கும் மட்டம் 104 அடி. அதற்குக் கீழே எடுக்க முடியாது. ஆக இந்த ஏரி நாம் கத்துகிற அந்த ஒற்றை எண்ணில் வாழ்வதே இல்லை. 104-க்கும் 142-க்கும் நடுவில் வருஷா வருஷம் மூச்சு விடுகிறது.

தண்ணீர் இறங்க இறங்க, காட்டுக்கும் நீருக்கும் நடுவில் ஒரு வெற்றுக் கரை வெளிப்படும். முதலில் வெறும் செம்மண் சேறு. கொஞ்ச நாளில் ஈரம் குடித்த அந்த மண்ணில் இளம்புல். கடமான், காட்டுமாடு, காட்டுப்பன்றி, யானை எல்லாம் அதற்காகத்தான் இறங்கி வருகின்றன. காட்டுக்குள் ஓடைகள் வற்றிப்போவதும் இன்னொரு காரணம். மான் வந்தால் பின்னாடியே செந்நாய் வரும். துரத்தப்பட்ட கடமான் தண்ணீரில் இறங்கி நிற்பதும் இங்கே நடப்பதுதான். இதெல்லாம் திறந்த வெளியில் நடப்பதால் படகில் இருப்பவருக்குத் தெரிகிறது. ஏரி நிறைந்திருக்கும்போது தண்ணீர் மரங்களின் காலடி வரை ஏறிவிடும். அப்போது பத்தடி உள்ளே யானை நின்றாலும் நமக்குப் பச்சைச் சுவர்தான்.

சுருக்கமாகச் சொன்னால், தேக்கடிப் படகில் நாம் பார்ப்பது காட்டை இல்லை. தண்ணீர் விட்டுப்போன விளிம்பை. அந்த விளிம்பு எவ்வளவு அகலம் என்பதை மழையும் தமிழக நீர்வளத்துறையின் ஷட்டரும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. கூடலூர் விவசாயிக்கு வயிற்றைக் கலக்குகிற மட்டம்தான் படகுக்காரருக்கு நல்ல சீசன். இந்த ஒரு வரி எந்தப் பயணக் கட்டுரையிலும் என் கண்ணில் பட்டதில்லை.

ஏரிக்குள் நிற்கும் பட்ட மரங்களின் கதையும் இதுதான். எல்லாக் கட்டுரையிலும் போட்டோ உண்டு. மர்மமான அழகு, கனவு மாதிரி என்றெல்லாம் வர்ணனை உண்டு. அவை 1895-இல் மூழ்கிய காட்டின் மிச்சம் என்று ஒரு வரி இருக்காது. பாம்புத்தாராவும் நீர்க்காகமும் அதே மரங்களில் சிறகு காய வைப்பதும் கூடு கட்டுவதும் போட்டோவில் இருக்கும், எழுத்தில் இருக்காது. ஒரு அழிவு, இன்னொரு உயிருக்கு வீடானது. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சொல்வதற்கு நமக்கு ஏனோ தயக்கம்.

படகு காட்டாத இன்னொன்றும் இருக்கிறது: இல்லாமை. கரையில் நிற்கும் யானைக் கூட்டத்தைப் பார்த்து, குடும்பம் குடும்பமாக என்ன அமைதி என்று எழுதுகிறோம். தந்தத்துக்காக ஆண் யானைகள் சுடப்பட்டுச் சுடப்பட்டு, 1980-களின் கடைசியில் பெரியாற்றில் வளர்ந்த ஆண் ஒன்றுக்குப் பெண் நூற்றுக்கும் மேல் என்ற நிலை இருந்தது. ராமன் சுகுமாரும் அவரோடு சேர்ந்தவர்களும் இதை ஆராய்ச்சிக் கட்டுரையாகவே பதிவு செய்திருக்கிறார்கள். அந்த அமைதியான கூட்டம் ஒருவகையில் கொலைக்களத்தின் மிச்சம்.

நீதிமன்றத்தின் மகிழ்ச்சியான யானை

2006 தீர்ப்புக்கு வருகிறேன். மட்டத்தை உயர்த்தினால் காட்டுயிர்களுக்குக் கேடு என்று ஒரு வாதம் வைக்கப்பட்டது. தீர்ப்பு அதை ஏற்கவில்லை. ஏற்காமல் விட்டதில் எனக்குக் கேள்வி இல்லை. சொன்ன காரணத்தில்தான் கேள்வி. தண்ணீர் மெல்ல ஏறிக் காட்டின் விளிம்பைத் தொட்டால் யானையும் புலியும் இன்னும் சந்தோஷப்படும், பறவைகளும் விலங்குகளும் பரந்த நீரை விரும்பக்கூடியவை என்ற ரீதியில் அந்தத் தீர்ப்பில் கருத்து வருகிறது.

தமிழ்நாட்டின் தண்ணீர் உரிமையை நான் ஏற்பவன். ஐந்து மாவட்டத்துக்கு அது சோறு, குடிநீர். அதனாலேயே இந்த இடத்தில் எனக்கு நெருடல். நமக்குச் சாதகமான தீர்ப்பு என்பதற்காக, அதில் உள்ள பலவீனமான வரியையும் சேர்த்துக் கொண்டாட வேண்டியதில்லை.

சின்ன ஜியோமிதி போதும். 136-லிருந்து 142-க்கு ஆறு அடி ஏற்றம். செங்குத்தான கரையில் ஆறு அடி ஏறினால் காடு இழப்பது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. முப்பதடிக்கு ஓரடி சரிகிற கரையில் அதே ஆறு அடி 180 அடி அகல நிலத்தை எடுத்துக்கொள்ளும். புல் நன்றாக வளர்வதும் கூட்டமாக மேய முடிவதும் சரிவு குறைந்த இடங்களில்தானே. ஆக, ஏறும் தண்ணீர் எல்லா நிலத்தையும் சமமாக எடுப்பதில்லை. மேய்ச்சலுக்கு ஏற்ற நிலத்தைத்தான் முதலில் எடுக்கும். தண்ணீர் காட்டின் விளிம்பைத் தொடுவது யானைக்கு மகிழ்ச்சி என்றால், படகிலிருந்து நாம் பார்க்கிற அத்தனை யானையும் விளிம்பை விட்டு இறங்கி, தண்ணீர் பின்வாங்கிய இடத்தில் ஏன் வந்து நிற்கிறது?

ஆனால் இதே கணக்கு எதிர்த்தரப்பையும் இடிக்கும். 142 என்பது உச்ச வரம்பு. வருஷம் முழுக்க நிற்கும் மட்டம் கிடையாது. நல்ல மழை வருஷத்தில் சில நாளோ சில வாரமோ அங்கே நிற்கும், பிறகு இறங்கிவிடும். ஜனவரியில் வெளிப்படும் கரையில் மறுபடி புல் வரும். எனவே "ஆறு அடி உயர்ந்தால் புல்வெளி போச்சு" என்பதும் அரைகுறைப் பேச்சு. புல்லைவிட அந்தப் பட்டையில் 35 வருஷமாக வளர்ந்த மரங்களைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட்டிருக்க வேண்டும். வேர் எத்தனை வாரம் தண்ணீரில் நிற்கலாம் என்பது மரத்துக்கு மரம் மாறும்.

கேட்க வேண்டிய கேள்வி "எத்தனை அடி?" என்பதோடு நிற்கக்கூடாது. எந்த மட்டத்தில், எத்தனை நாள், எந்த மாசம்? இது ஒரு எண்ணைப் பற்றிய கேள்வி இல்லை, ஒரு வளைகோட்டைப் பற்றியது. வேடிக்கை என்னவென்றால், அந்த வளைகோடு இப்போது இருக்கிறது. எந்தத் தேதியில் எவ்வளவு தண்ணீர் வைக்கலாம் என்று மத்திய நீர்வள ஆணையத்தின் ஒப்புதலோடு 'ரூல் கர்வ்' நடைமுறையில் உள்ளது. அது வெள்ளப் பாதுகாப்புக்காகப் போடப்பட்டது. அதே அட்டவணையில் காட்டுக்கென்று இன்னொரு பத்தியைச் சேர்த்துப் பார்ப்பதற்கு யாருடைய உரிமையும் பறிபோகாது. இரண்டு மாநிலத்துப் பொதுப்பேச்சிலும் அப்படி ஒரு பத்தியைப் பற்றி நான் கேட்டதில்லை. விலங்கு, வக்கீலின் கடைசி வாதமாக வந்துவிட்டுப் போய்விடுகிறது.

ஒரு பக்கமாகச் சாய்ந்தவர்கள்

2009 செப்டம்பர் 30. கேரள சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் 'ஜலகன்யகா' என்ற இரண்டடுக்குப் படகு தேக்கடி ஏரியில் கவிழ்ந்தது. 45 பேர் இறந்தார்கள். புதுப் படகு, ஓடத் தொடங்கி அதிக நாள் ஆகியிருக்கவில்லை. அப்போது வந்த செய்திகளில் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டது: கரையில் விலங்கைப் பார்த்ததும் பயணிகள் ஒரே பக்கமாக ஓடினார்கள், படகு சாய்ந்துவிட்டது. பின்னால் நீதி விசாரணை ஆணையம், வழக்கு என்று அது போனது. ஆனால் மக்கள் மனசில் பதிந்தது அந்த முதல் விளக்கம்தான். இன்றைக்கும் தேக்கடி என்றால், "நம்ம ஆளுங்க எல்லாம் ஒரே பக்கமா போயிட்டாங்கல்ல" என்பார்கள்.

என் தொழிலில் இது ரொம்பப் பழக்கமான வாக்கியம். மென்பொருள் விழுந்தால் முதலில் "யூஸர் தப்பா அமுக்கிட்டார்" என்று சொல்வார்கள். யூஸர் அந்த இடத்தில் வேறு எதை அமுக்குவார் என்று கேட்டால் பதில் வராது.

யோசித்துப் பாருங்கள். அந்தப் படகு எதற்காக ஓடுகிறது? விலங்கு காட்டுவதற்கு. விலங்கு எங்கே நிற்கும்? ஏதோ ஒரு கரையில், அதாவது படகின் ஏதோ ஒரு பக்கத்தில். பார்க்க வந்தவர்கள் என்ன செய்வார்கள்? அந்தப் பக்கம் போவார்கள். விலங்கு பார்க்கும் படகில் எல்லாரும் ஒரு பக்கம் சேர்வது விதிவிலக்கான நடத்தையே இல்லை. அந்தப் படகின் அன்றாட வேலையே அதுதான். அதைத் தாங்காத படகை அந்த ஏரியில் விட்டதுதான் கேள்விக்குரிய விஷயம். மேல்தட்டில் ஆள் ஏறினால் எடையின் மையம் மேலே போகும், சாய்வைத் தாங்கும் திறன் குறையும். படகு கட்டுகிறவர்களுக்கு இது பாலபாடம்.

பயணக் கட்டுரைகளுக்கும் இதில் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். விலங்கைப் பார்த்துவிட்டால் டிக்கெட் காசு செரித்தது, பார்க்காவிட்டால் வீண் என்ற எதிர்பார்ப்பை வருஷக்கணக்காக நாம்தான் எழுதி வளர்த்தோம். ஒன்றரை மணி நேரப் பயணத்தை ஒரு நொடிக் காட்சிக்கான லாட்டரியாக்கினால், பரிசு விழும் நொடியில் எல்லாரும் எழுந்து நிற்பார்கள். விபத்துக்குப் பிறகு லைஃப் ஜாக்கெட் கட்டாயமானது, எழுந்து நிற்கக் கூடாது என்றானது. தேவையான விதிகள்தான். எதிர்பார்ப்பு மட்டும் அப்படியே இருக்கிறது.

விளிம்பைத் தெரிந்தவர்கள்

இதற்கு மாற்றாக ஒரு வகை எழுத்து இப்போது வருகிறது: பெரிய படகு வேண்டாம், கூட்டம் காட்டைக் கெடுக்கிறது, மூங்கில் தெப்பத்தில் போங்கள், காட்டுக்குள் நடங்கள். எனக்கும் தெப்பம் பிடிக்கும். சத்தம் இல்லை, தண்ணீரோடு ஒட்டிப் போகிறது. ஆனால் இதை ஒரு ஒழுக்க உபதேசமாக மாற்றுவதை ஏற்க முடியவில்லை. தெப்பத்தில் ஒரு நாளைக்கு ஏறக்கூடியவர் மிகச் சிலர், கட்டணமும் அதிகம். தேனியிலிருந்தும் மதுரையிலிருந்தும் குடும்பத்தோடு வருகிறவருக்குப் பெரிய படகுதான் கட்டுப்படியாகும். அவர் குடிக்கும் தண்ணீர் இந்த ஏரியிலிருந்து வருகிறது. இதைப் பார்க்க அவரைவிட உரிமை உள்ளவர் யார்?

தெப்பத்திலும் நடையிலும் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. யார் கூட்டிக்கொண்டு போகிறார்கள் என்பது. 1990-களின் இரண்டாம் பாதியில் பெரியாற்றில் சூழல் மேம்பாட்டுத் திட்டம் வந்தபோது, காட்டில் வயணாப் பட்டை உரித்துக் கடத்தியவர்களையே வனத்துறை வழிகாட்டிகளாகவும் ரோந்துக்காரர்களாகவும் ஆக்கியது. எந்த ஓடையில் எந்த மாசம் தண்ணீர், எந்தக் கரையில் எப்போது புல், யானை எங்கே ஏரியைக் கடக்கும் என்பதெல்லாம் பிழைப்புக்காகத் தெரிந்து வைத்திருந்தவர்கள். அதே போல மன்னான், பளியர் மக்கள். காட்டுக்குள் இருந்து குமுளி ஓரத்துக்குக் குடியமர்த்தப்பட்டவர்கள். இந்த ஏரியில் மீன் பிடித்தவர்கள். மட்டம் ஏறுவதும் இறங்குவதும் அவர்களுக்கு வழக்கும் இல்லை, சீசனும் இல்லை. வலையை எங்கே போடுவது என்ற கேள்வி.

தண்ணீரையும் கரையையும் ஒன்றாகப் பார்க்கும் பார்வை ஏற்கனவே அங்கே இருக்கிறது என்றுதான் சொல்ல வருகிறேன். நம் எழுத்தில் அவர்கள் "உள்ளூர் கைடு ஒருவர்" என்று ஒரு வரியில் வந்து போய்விடுகிறார்கள். அவர் சொன்னது வராது. யானை வந்தது மட்டும் வரும்.

நாம் தொடங்கக்கூடிய இடம் சின்னதுதான். பெரியாறு அணையின் நீர்மட்டம் தமிழ் நாளிதழ்களின் தேனிப் பதிப்பில் தினமும் வருகிறது. தேக்கடிக்குப் போகிறவர் அன்றைய மட்டத்தைக் குறித்துக்கொள்ளட்டும். படகிலிருந்து தண்ணீருக்கும் முதல் மரத்துக்கும் நடுவில் எவ்வளவு வெற்றுக் கரை, அது சேறா புல்லா, அதில் என்ன நின்றது, ஒன்றுமே நிற்கவில்லையா என்று நாலு வரி எழுதட்டும். இப்படி ஒரு நூறு பேர், நாலைந்து வருஷம் எழுதினால், எந்த மட்டத்தில் எந்த மாசம் கரை எப்படி இருக்கிறது என்று ஒரு ஸ்ப்ரெட்ஷீட்டில் போட்டுப் பார்க்க முடியும். அது விஞ்ஞானம் ஆகிவிடாது. ஆனால் அடுத்த தடவை யாராவது யானையின் சந்தோஷத்தைப் பற்றிப் பேசினால், என்ன தேதி, எத்தனை அடி என்று நாம் திருப்பிக் கேட்கலாம்.